"கார்ப்பெட்டைக் கெடுத்துட்டீங்க" என்று போன் வந்தால்: வீடு தேடிப் போய் கிளீனிங் செய்பவர்களுக்கு முழு வழிகாட்டி

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது எந்த மெஷின் வாங்குவது, எந்த ஷாம்பு நல்லது என்பதுதான். ஆறு மாதம் கழித்து வேறு கேள்வியோடு வருவார்கள். "அண்ணே, சோபா கலர் போயிடுச்சுன்னு 30,000 ரூபா கேக்குறாங்க. என்ன பண்றது?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: "வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்தியா?" பெரும்பாலும் பதில் வராது.

புகார் வந்த பிறகு நம்மால் செய்ய முடிவது கொஞ்சம்தான். மெஷினை ஓட விடுவதற்கு முந்தின கால் மணி நேரத்தில் என்ன செய்தோம் என்பதை வைத்துத்தான் மற்றதெல்லாம் நடக்கும். அதனால் கீழே உள்ளதில் பாதி, புகார் வருவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை. வரிசையை மாற்றாதீர்கள்.

1. பையில் என்னென்ன இருக்க வேண்டும்

மெஷின், பிரஷ், கிளீனிங் மருந்து தவிர இவையும் வேண்டும்: வெள்ளைக் காட்டன் துணி நாலைந்து, நல்ல டார்ச், ஒரு யூவி டார்ச், பிஎச் தாள் (மருந்து அமிலமா காரமா என்று காட்டுவது), டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுவது), மேஜை நாற்காலிக் கால்களுக்கு அடியில் வைக்கப் பிளாஸ்டிக் துண்டுகள், தரையில் விரிக்கப் பழைய பெட்ஷீட் இரண்டு, கார்பன் தாள் வைத்த பில் புத்தகம்.

டிடிஎஸ் மீட்டரைப் பார்த்துச் சிலர் சிரிப்பார்கள். கடலூரிலும் புதுச்சேரியிலும் கடலை ஒட்டிய பகுதிகளில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும். அதில் அலசிய அடர்நிறச் சோபா காய்ந்ததும் வெள்ளை பூத்து நிற்கும். "ஆசிட் ஊத்திட்டாங்க" என்று புகார் வரும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயத்தில் சொல்லும் விரும்பத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். நானும் அதையே கோடாக வைத்திருக்கிறேன். மீட்டர் அதற்கு மேல் காட்டினால் கடைசி அலசலுக்கு 20 லிட்டர் கேன் தண்ணீர்தான். கேன் காசைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள், யாரும் தகராறு செய்ததில்லை.

2. வீட்டுக்காரரோடு ஒரு சுற்று, கையில் கேமராவோடு

உள்ளே போனதும் மெஷினை ஹாலுக்குக் கொண்டுபோகாதீர்கள். வாசலிலேயே இருக்கட்டும். முதலில் வீட்டுக்காரரைக் கூட வைத்துக்கொண்டு ஒரு சுற்று.

முதலில் அறை முழுவதும் தெரிகிற மாதிரி ஒரு படம். அப்புறம் கார்ப்பெட் அல்லது சோபா முழுசாக. அப்புறம் கறை, கிழிசல், நைந்த இடம் ஒவ்வொன்றும் கிட்டத்தில். தூரப் படம் இல்லாமல் கிட்டப் படம் மட்டும் இருந்தால் அது எந்த வீட்டுக் கறை என்றே பிறகு சொல்ல முடியாது. புதியவர்கள் செய்கிற முதல் தப்பு இது.

இரண்டாவது தப்பு, துவைக்கப் போகிற பொருளை மட்டும் படம் எடுப்பது. எனக்கு வந்த புகார்களில் கணிசமானவை கார்ப்பெட்டைப் பற்றியே இல்லை. மெஷின் சக்கரம் டைல்ஸைக் கீறியது, ஹோஸ் இடித்துச் சுவர் பெயிண்ட் பெயர்ந்தது, பிளக் கருகியது, இப்படித்தான். வாசலிலிருந்து அறை வரைக்கும் நடக்கிற வழி, கதவு நிலை, தரை, டிவி ஸ்டாண்டு, நீங்கள் மாட்டப்போகும் பிளக் பாயின்ட் எல்லாவற்றுக்கும் ஒரு படம் வேண்டும். முப்பது நாற்பது படம் ஆகும், ஐந்து நிமிட வேலை.

பிளக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1,500 வாட் மெஷின் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டி முக்கால் மணி நேரம் ஓட்டினால் பழைய வீட்டு சாக்கெட் உருகத்தான் செய்யும். 16 ஆம்பியர் பாயின்ட் எங்கே என்று கேளுங்கள். ஏசி பாயின்டோ வாஷிங் மெஷின் பாயின்டோ இருக்கும். எதுவுமே இல்லையென்றால் வேலையை ஒத்திப் போடுங்கள். இதில் உருகினால் அது நம் தப்பு, வாதமே இல்லை.

எடுத்த படங்களில் முக்கியமான ஏழெட்டை வேலை தொடங்கும் முன்பே வீட்டுக்காரர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள். அவர் போனில் நேரத்தோடு பதிவாகிவிடும். ஆனால் வாட்ஸ்அப்பில் போன படத்தில், எப்போது எங்கே எடுத்தது என்ற உள்விவரம் அழிந்துவிடும். அதனால் உங்கள் கேமராவில் உள்ள மூலப் படத்தை அழிக்காதீர்கள். மாதம் ஒருமுறை பென்டிரைவில் ஏற்றி இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருங்கள். ஏன் இரண்டு வருடம் என்பது 9ஆம் பகுதியில் வரும்.

3. சோதனை செய்யாமல் சொட்டுத் தண்ணீர் படக்கூடாது

நிறம் ஒட்டுகிறதா என்று பார்ப்பது முதல் சோதனை. கண்ணில் படாத ஓரத்தில், போடப்போகும் மருந்தைக் கலந்த தண்ணீரில் வெள்ளைத் துணியை நனைத்து அழுத்தி வையுங்கள். பத்து நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள். நிறம் ஏறியிருந்தால் நனைக்கிற வேலை கிடையாது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். சிவப்பும் கருநீலமும்தான் அதிகம் ஏமாற்றும்.

இதை விட்டதற்கு நான் கொடுத்த விலை உண்டு. லாஸ்பேட்டையில் ஒரு வீடு. மெரூன் பார்டர் வைத்த வெள்ளை சோபா. வெள்ளைப் பகுதியில் மட்டும் சோதித்துவிட்டு வேலையை ஆரம்பித்தேன். மறுநாள் காலை ஓரம் முழுக்க ரோஜா நிறம். உறையை மாற்றித் தைத்துக் கொடுத்தேன். அந்த மாத வருமானம் அதிலேயே போனது.

இரண்டாவது, நார் எது என்று தெரிந்துகொள்வது. ஓரத்திலிருந்து ஒரே ஒரு இழையை, வீட்டுக்காரர் அனுமதியோடு எடுத்து வெளியே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. காகிதம் எரிகிற வாடை வந்தால் பருத்தி அல்லது விஸ்கோஸ் (மரக்கூழில் செய்யும் நார்). உருகி மணி மாதிரி இறுகினால் பாலியெஸ்டர் போன்ற செயற்கை நார். கம்பளி என்றால் மருந்தின் பிஎச் 8.5ஐத் தாண்டக்கூடாது. பிஎச் தாள் இதற்குத்தான்.

பட்டு மாதிரி மின்னும், 'பேம்பூ சில்க்' என்று சொல்லி விற்கும் விரிப்புகள் பெரும்பாலும் விஸ்கோஸ். ஈரம் பட்டால் மஞ்சளாகி விறைத்துவிடும். "இது என்னால் முடியாதுங்க" என்று கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். விட்ட கூலியை அடுத்த வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, திருப்பிப் பார்ப்பது. பின்பக்கம் சணலா, ரப்பர் பசையா? பசை பவுடராக உதிர்கிறதா? பரணில் சுருட்டி வைத்திருந்த கம்பளி விரிப்பு என்றால் பூச்சி அரித்திருக்கிறதா? அரித்த இழை அப்படியே நின்றுகொண்டிருக்கும். வேக்குவம் பட்டதும் கொட்டும். நீங்கள்தான் ஓட்டை போட்டீர்கள் என்று ஆகிவிடும்.

யூவி டார்ச்சை விளக்கணைத்த அறையில் அடித்தால் நாய், பூனை, குழந்தை மூத்திரக் கறை மஞ்சள் பச்சையாக ஒளிரும். அதையும் காட்டிவிடுங்கள். மேல் அழுக்கு போனதும் வெளியே தெரியப்போவது அதுதான்.

4. எழுதிக் கையெழுத்து வாங்குவது

"எந்தச் சேதத்துக்கும் நிறுவனம் பொறுப்பல்ல" என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தி வைத்திருப்பவர்கள் உண்டு. அது ஒன்றுக்கும் உதவாது. நம் அஜாக்கிரதைக்கு அந்த வரி கவசமாகாது. படிக்கிறவருக்கும், இவன் எதையோ உடைக்கத்தான் வந்திருக்கிறான் போல என்றே தோன்றும்.

பார்த்ததை மட்டும் எழுதுங்கள். நான் எழுதுவது இப்படி இருக்கும்: "டைனிங் பக்க மூலையில் பழைய மஞ்சள் கறை, ஒரு சாண் அளவு, முழுசாகப் போகாது. இடது கைப்பிடியில் துணி நைந்திருக்கிறது. நிறச் சோதனை மூன்று இடத்தில் செய்தது, ஒட்டவில்லை. வீட்டுத் தண்ணீர் டிடிஎஸ் 1,100. கடைசி அலசல் கேன் தண்ணீரில்." கீழே அவர் கையெழுத்து, நேரம். கார்பன் நகல் அவரிடம்.

தமிழில் எழுதுங்கள். வீட்டில் இருக்கும் பெரியவர் படித்துப் புரிந்துகொண்டு போட்ட கையெழுத்துக்குத்தான் மதிப்பு. வேலைக்காரம்மாவிடம் கையெழுத்து வாங்கிவிட்டு வந்து, பிறகு மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர் வெளியூரில் இருந்தால் படத்தையும் குறிப்பையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரி" என்று ஒரு வார்த்தை பதில் வந்த பிறகே மெஷினை எடுங்கள்.

5. கிளம்பும் முன்

முடிந்ததும் அதே வரிசையில் திரும்ப ஒரு சுற்று, திரும்பப் படம். கால்களுக்கு அடியில் பிளாஸ்டிக் துண்டு வைத்தீர்களா? மரக்காலின் பாலிஷும் இரும்புக்காலின் துருவும் ஈரத்தில் இறங்கினால் எடுப்பது பெரும்பாடு.

காய வைப்பது எப்படி என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஃபேன் ஓட வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும், காயும்வரை மேலே நடக்கக்கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். மார்கழி வரைக்கும் நான் முழு ஈர வேலையைக் குறைத்துக்கொள்வேன். ஒருநாள் இரண்டுநாள் ஈரம் நின்றாலே பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும்.

அப்புறம் இந்த ஒரு வாக்கியத்தை மறக்காமல் சொல்லுங்கள்: "காயும்போது பழைய கறை மறுபடி மேலே வரலாம். வந்தா கூப்பிடுங்க, காசு வாங்காம எடுத்துத் தர்றேன்." முன்கூட்டிச் சொன்னால் இது விளக்கம். அவர் கண்டுபிடித்த பிறகு சொன்னால் சாக்கு.

6. போன் வந்ததும்

நீங்கள் சொல்லக்கூடாதவை இரண்டு. ஒன்று, "அது முன்னாடியே இருந்துச்சுங்க." நீங்கள் இன்னும் பார்க்கவே இல்லை. அவரைப் பொய்யர் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும், அதோடு பேச்சு முறிந்தது. இரண்டு, "சாரி மேடம், காசைத் திருப்பித் தந்துடறேன்." பார்க்காமல் பணம் பேசினால் ஒப்புக்கொண்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஆரம்ப காலத்தில் சண்டை வேண்டாம் என்று 500 ரூபாய் தள்ளுபடி செய்தேன். மறுநாள் அவர் மகன் பேசினார்: "தப்பு உங்க மேலதானே, அதான் குறைச்சீங்க. புது கார்ப்பெட் வாங்கிக் குடுங்க."

பிறகு என்னதான் சொல்வது? "எந்த இடத்துலம்மா? எப்ப பார்த்தீங்க? ஒரு போட்டோ அனுப்புங்க. நான் வர்ற வரைக்கும் அதுமேல எதுவும் போட வேண்டாம். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வந்து பார்க்கிறேன்." இவ்வளவு போதும். எதுவும் போட வேண்டாம் என்பது முக்கியம். பதற்றத்தில் சோப்புப் பவுடர், வினிகர், எலுமிச்சை என்று தேய்த்துவிட்டால் எது யாரால் வந்தது என்று பிரிக்கவே முடியாது.

24 மணி நேரத்துக்குள் போய்விடுங்கள். தள்ளிப்போட்டால் கறையும் இறுகும், அவர் மனசும் இறுகும்.

7. நேரில் போய்ப் பார்ப்பது

பகலில் போங்கள், தனியாகப் போங்கள். மூன்று பேராகப் போய் நின்றால் சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும். உட்காரச் சொன்னால் உட்கார்ந்து முதலில் அவர் சொல்வதை முழுசாகக் கேளுங்கள். பிறகு குனிந்து பாருங்கள். போனில் உள்ள பழைய படத்தை எடுத்த எடுப்பில் நீட்டாதீர்கள். சேர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, "அன்னிக்கு எடுத்தது இருக்கும்மா, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்க்கலாம்" என்று எடுங்கள். அதே படம்தான். ஆனால் அவர் கேட்டுக்கொள்வார்.

நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற புகார்கள் இவை.

"போன கறை திரும்ப வந்துடுச்சு." அடியில் ஊறிக் கிடந்த அழுக்கு, ஈரம் மேலேறிக் காயும்போது கூடவே ஏறி நார் நுனியில் நிற்கிறது. திரியில் எண்ணெய் ஏறுவது மாதிரி. சேதம் இல்லை. ஆனால் அதிகம் நனைத்தால் அதிகம் வரும், அதில் நம் பங்கு உண்டு. லேசாக ஈரம் காட்டி, மடித்த வெள்ளைத் துணியை வைத்து, மேலே பாரம் ஏற்றி ஒரு ராத்திரி விட்டால் துணி இழுத்துக்கொள்ளும்.

"பழுப்பா ஆயிடுச்சு." பின்பக்கம் சணல் என்றால் இதுதான் காரணம். அதிகம் நனைந்து மெதுவாகக் காயும்போது சணலின் நிறம் மேலே ஏறிவிடும். மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டில் ஐப்பசி மழையில் எனக்கு இது நடந்தது. "ஏம்ப்பா தம்பி, டீயைக் கொட்டிட்டுச் சொல்லாமப் போயிட்டியா?" என்று கேட்டார் அந்த அம்மா. மெல்லிய சிட்ரிக் அமிலக் கரைசலை ஓரத்தில் சோதித்துவிட்டுத் தெளித்தேன், குறைந்துவிட்டது. கவனம், அந்தக் கரைசல் மார்பிள் தரையில் சொட்டினால் பாலிஷைத் தின்றுவிடும். ஒரு புகாரைத் தீர்க்கப் போய் இன்னொன்றை வாங்கிக்கொண்டு வருவீர்கள். புதுச்சேரி வெள்ளை நகரத்துப் (ஒயிட் டவுன்) பழைய வீடுகளில் ரெட் ஆக்சைடு தரை இருந்தாலும் இதே எச்சரிக்கைதான். இந்தப் பழுப்பு நம் பொறுப்பு என்றே நான் எடுத்துக்கொள்வேன், பின்பக்கத்தைப் பார்த்தவன் நான்தானே.

"கலர் மங்கிடுச்சு." வெயில்பட்டு வெளுத்ததை இத்தனை நாள் அழுக்கு மறைத்திருக்கும். சோபாவை நகர்த்தி, கீழே வெயில் படாத பகுதியோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள். நிறம் ஒரே மாதிரி இருந்து, ஒரு பக்கம் நின்று பார்த்தால் வெளிறியும் மறுபக்கம் நின்றால் அடர்த்தியாகவும் தெரிந்தால் நார் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பிரஷால் எதிர்ப்பக்கம் வாரிக் காட்டினால் அவரே சிரித்துவிடுவார்.

"சுருங்கிடுச்சு, அலை அலையா நிக்குது." செயற்கை நார் காய்ந்ததும் பெரும்பாலும் தானாகப் படியும், இரண்டு நாள் கொடுங்கள். சணல் பின்பக்கம் சுருங்கியது என்றால் நாம் நனைத்த அளவு தப்பு. பசை விட்டு இரண்டு அடுக்காகப் பிரிந்தால், அது முன்பே பவுடராக உதிர்ந்ததா என்பதற்கு உங்கள் படம்தான் பதில்.

ஒட்டிய நிறம், உருகிய பிளக், கீறிய தரை, துரு, பாலிஷ் கறை எல்லாம் நம் தப்பு. பேச வேண்டியதே இல்லை.

8. தீர்த்து வைப்பது

பார்த்து முடித்ததும் அங்கேயே தொகை பேசாதீர்கள். "சாயங்காலம் சொல்றேன்" என்று வந்துவிடுங்கள். எதிரில் நின்று சொல்லும் தொகை பயத்தில் சொல்வதாகத்தான் இருக்கும்.

நம் தப்பு என்றால் அவர் கேட்பதற்கு முன் நாம் சொல்லிவிட வேண்டும். முதலில் சரிசெய்ய முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் கெட்ட பகுதியை மட்டும் மாற்றலாமா என்று பாருங்கள். அதுவும் முடியாதபோதுதான் பொருளின் விலை. புதிதாக வாங்கிய விலை அல்ல, இன்றைக்கு அதற்கு உள்ள மதிப்பு. பில் கேளுங்கள், எத்தனை வருடம் ஆனது என்று கேளுங்கள். எட்டு வருடம் மிதிபட்ட விரிப்புக்குப் புது விலை கொடுக்க வேண்டியதில்லை. அவர் பார்வையில் அது அம்மா வீட்டிலிருந்து வந்ததாக இருக்கலாம், அதைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

நம் தப்பு இல்லையென்றால், "சண்டை வேண்டாம்" என்று பணம் கொடுக்காதீர்கள். பார்த்ததையும் காரணத்தையும் எழுதிப் படத்தோடு அனுப்புங்கள். வேண்டுமானால் இலவசமாக ஒருமுறை வேலை செய்து தருகிறேன் என்று சொல்லலாம், அதில் தப்பு ஒப்புக்கொள்ளல் இல்லை என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டு. இரண்டுங்கெட்டானாக இருந்தால் இதே தொழில் செய்யும் இன்னொருவரை இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.

பணம் கொடுப்பதானால் ரொக்கமாக வேண்டாம், யுபிஐயில் அனுப்புங்கள். அனுப்பும் முன் இப்படி எழுதி வாங்குங்கள்: "இந்தத் தேதியில் நடந்த வேலை தொடர்பான எல்லாப் புகாருக்கும் முழுத் தீர்வாக ரூபாய் இவ்வளவு பெற்றுக்கொண்டேன். இனி இதுபற்றிக் கோரிக்கை இல்லை." எழுதாமல் கொடுத்த பணம் முன்பணம் மாதிரி ஆகிவிடும்.

9. மிரட்டினால், நோட்டீஸ் வந்தால்

"போலீஸ்ல சொல்றேன்" என்பது அடிக்கடி வரும். தெரியாமல் நடந்த சேதம் கிரிமினல் குற்றம் ஆகாது. வேண்டுமென்றே அல்லது சேதமாகும் என்று தெரிந்தே செய்திருக்க வேண்டும். ஸ்டேஷனில் கூப்பிட்டால் போங்கள், குறிப்பையும் படத்தையும் எடுத்துக்கொண்டு. வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

நுகர்வோர் ஆணையம் வேறு விஷயம், அதை லேசாக எடுக்கக்கூடாது. 2019ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். படங்களை அதுவரைக்கும் வைக்கச் சொன்னது இதனால்தான். புகார்தாரர் தான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கடை புதுச்சேரியில் இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நெல்லிக்குப்பத்து வீட்டுக்காரர் போட்டால் நீங்கள் கடலூருக்குத்தான் போக வேண்டும். ஆணையத்தின் நோட்டீஸ் வந்தால் பதில் கொடுக்க 30 நாள், கேட்டால் மேலும் 15 நாள் வரை. அதற்கு மேல் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே ஆஜராகலாம். ஆனால் தொகை பெரிது என்றால் ஒருவரைப் பார்ப்பது நல்லது. பிரித்துக்கூடப் பார்க்காமல் கவரைப் பீரோவில் வைத்தவர்கள் இருக்கிறார்கள், அது மட்டும் வேண்டாம்.

கூகுளில் மோசமாக எழுதினால் ஒரே ஒரு பதில் போடுங்கள். எந்த நாள் வந்து பார்த்தோம், என்ன சொன்னோம் என்று மூன்று வரி. அவர் வீட்டுப் படத்தைப் பொதுவில் போடாதீர்கள்.

10. காப்பீடும் கூட வரும் பையனும்

பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிடம் பப்ளிக் லயபிலிட்டி பாலிசி கிடைக்கும், நம் வேலையில் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு ஈடு தருவது அது. எடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "நான் வேலை செய்துகொண்டிருக்கும் பொருளே கெட்டால் தருவீர்களா?" பல பாலிசிகளில் வீட்டுத் தரை, சுவர் போன்றவற்றுக்கு மட்டும் இருக்கும், கையில் எடுத்த கார்ப்பெட்டுக்கு இருக்காது. விதிவிலக்குகள் பக்கத்தைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

உதவிக்கு வரும் பையனை வாடிக்கையாளர் முன்னால் திட்டாதீர்கள். "இவன்தான் சார் இழுத்துட்டான்" என்று ஒருமுறை சொன்னால் போதும். அடுத்த வீட்டில் எதையாவது இடித்தால் உங்களிடம் சொல்ல மாட்டான், சோபாவைத் தள்ளி மறைத்து வைத்துவிட்டு வந்துவிடுவான். அன்றைக்கே சொன்னால் கூலியில் பிடிக்க மாட்டேன் என்று முதல் நாளே சொல்லி வையுங்கள். என்னிடம் வேலை பார்க்கும் தம்பி போன மாதம் முதலியார்பேட்டையில் கதவு நிலையில் சின்னதாகப் பெயிண்ட் பெயர்த்துவிட்டு உடனே வந்து சொன்னான். வீட்டுக்காரர் பார்ப்பதற்குள் நானே போய்ச் சொன்னேன். கால் லிட்டர் பெயிண்ட் டப்பாவில் முடிந்தது.